இரண்டு இடது இறக்கைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடி ஓடுதளத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் பெரிய தம்பி. என் சின்னத் தம்பி. சின்னத் தம்பியின் மகள் கடுகு. எங்கள் கிளைடர் கிளப்பின் மெக்கானிக். இழுவை விமானம் ஓட்டும் பெண். ஓடுதளத்தின் காவலர். காவலரின் நாயும் இருந்தது. ஆனால் அது நடந்த எதையும் சரியாகக் கவனிக்கவில்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள். என் வகுப்பில் யாரும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. நானும் சாய்ந்ததில்லை. பெரிய தம்பி பல் மருத்துவர். சின்னத் தம்பி தபால்காரர்.

கடுகுக்குப் பதினொரு வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள், அதனால்தான் அந்தப் பெயர். இப்போதும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. ஆனால் கடுகைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் காரம் தெரியும்.

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். இன்னொரு விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். அதன் பிறகு காற்றுதான் துணை. வெயிலில் சூடான காற்று மேலே ஏறும். மலையில் மோதும் காற்றும் மேலே ஏறும். அந்த ஏறுகாற்றைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏற வேண்டும். பருந்து செய்வதும் இதைத்தான். பருந்துக்கு ரேடியோ கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் அப்பா இரண்டு கிளைடர்கள் வாங்கினார். ஒன்று எனக்கு, ஒன்று பெரிய தம்பிக்கு. சண்டை வரக் கூடாது என்று அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வாங்கினார். இரண்டும் இரண்டு பேர் உட்காரக்கூடியவை. மரச்சட்டம், அதன்மேல் துணி போர்த்தி வர்ணம் பூசியது. என்னுடையதன் எண் ஏழு. அவனுடையதன் எண் எட்டு. சின்னத் தம்பிக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அவனுக்கு அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

சண்டை வரக் கூடாது என்று வாங்கியும் சண்டை வந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் கிளப்பின் ஆண்டு விழாவில் பெரிய தம்பி மேடை ஏறினான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா வானத்துல பறந்தா, மேகமெல்லாம் எழுந்து நின்னு 'வணக்கம் டீச்சர்'னு சொல்லும்" என்றான். கூட்டம் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அன்றோடு அவனுடன் பேசுவதை நிறுத்தினேன். நான் பேசாததால் அவனும் பேசவில்லை. முதலில் போய்ப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சின்னத் தம்பியிடம் சொல்லி அனுப்புவோம்.

"பகல்ல ஊருக்குத் தபால், சாயங்காலம் வீட்டுக்குத் தபால்" என்று அவன் அடிக்கடி முணுமுணுப்பான். "வீட்டுத் தபால்ல ஒரு ஸ்டாம்பு கூட ஒட்ட மாட்டேங்கறாங்க."

வருடத்துக்கு ஒருமுறை கிளப்பில் இருந்து மலைக்குப் போவோம். கணவாயைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். அதில் என்னோடு பறக்க வேண்டும் என்று கடுகு மூன்று வருடங்களாகக் காத்திருந்தாள். முதல் வருடம் வயது போதவில்லை. அடுத்த வருடம் எடை போதவில்லை. முன் இருக்கையில் குறைந்தது ஐம்பது கிலோ இருந்தால்தான் கிளைடர் ஒழுங்காகப் பறக்கும். குறைகிற எடைக்கு இருக்கைக்கு அடியில் ஈயத் தட்டு வைக்கலாம். ஆனால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வைக்க அங்கே இடமில்லை. அப்போது கடுகு முப்பத்து மூன்று கிலோதான் இருந்தாள். மூன்றாவது வருடம் மழை.

இந்த வருடம் கடுகு சரியாக முப்பத்தெட்டு கிலோ. காலையில் கூட எடை பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

"அத்தை, வழியில எறங்கி ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுக்கவா? ஒரு பாதுகாப்புக்கு."

"நேத்தே ஆறு சாப்பிட்ட."

"அது நேத்து எடைக்கு, அத்தை."

ஓடுதளத்தின் கிழக்குக் கோடியில் என் டிரெய்லரை நிறுத்தினேன். மேற்குக் கோடியில் பெரிய தம்பி அவன் டிரெய்லரை நிறுத்தியிருந்தான். நடுவில் நானூறு மீட்டர். அதைவிட நீளமான ஓடுதளம் பக்கத்தில் இல்லை.

வானம் அன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைபோல நடந்துகொண்டது. மேற்கிலிருந்து சீரான காற்று. மலை முகட்டின் மேல் சின்னச் சின்ன வெள்ளை மேகங்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. அப்படி மேகம் முளைத்தால் அதன் அடியில் ஏறுகாற்று இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் முதல் மூன்று நாள் மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. பறந்தால் அன்றைக்குத்தான். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

டிரெய்லரைத் திறந்தோம். கிளைடரை மூன்று துண்டாகப் பிரித்துத்தான் எடுத்துச் செல்வோம்: உடல் ஒன்று, இறக்கைகள் இரண்டு. உடலை வெளியே எடுத்து நிறுத்தினோம். இறக்கைகள் வெள்ளை உறைகளுக்குள் இருந்தன. சின்னத் தம்பியும் மெக்கானிக்கும் ஓர் உறையைக் கழற்றினார்கள். நான் இன்னொன்றைக் கழற்றினேன்.

மெக்கானிக் ஒரு இறக்கையைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர்... இதுவும் இடது. அதுவும் இடது."

"இருக்காது" என்றேன்.

"எண்ணைப் பாருங்க. இது ஏழு, இடது. இது எட்டு, இடது."

இறக்கையின் அடிப்பகுதியில் வர்ணத்தில் எழுதியிருந்தது. அவர் சொன்னது சரிதான். எட்டு என்றால் பெரிய தம்பியின் இறக்கை.

"அவரோட இடது நம்மகிட்ட வந்திருக்குன்னா, நம்ம வலது அங்க போயிருக்கும்" என்றார் மெக்கானிக். "கிளப் கொட்டகைக் கூரை ஒழுகுச்சுன்னு இடதெல்லாம் ஒரு சுவரோரம், வலதெல்லாம் ஒரு சுவரோரம் மாத்தி வச்சேன். எண் பாத்து எடுங்கன்னு போர்டுல எழுதிப் போட்டேனே, டீச்சர்? நீங்க படிக்கலையா?"

கொட்டகைக் கரும்பலகையில் ஏதோ எழுதியிருந்ததை நான் பார்த்தேன்தான். வழக்கமாக அதில் பெரிய தம்பிதான் எழுதுவான். அதனால் படிக்கவில்லை. வியாழக்கிழமை போய், எப்போதும் என் இறக்கைகள் இருக்கும் சுவரோரத்தில் இருந்த இரண்டையும் உறை பிரிக்காமல் கிளப் ஆட்கள் உதவியோடு ஏற்றி வந்தேன். வெள்ளிக்கிழமை அவன் போய் அவன் சுவரோரத்தில் இருந்ததை ஏற்றியிருக்கிறான்.

"பெரியவருக்கும் அதே போர்டுதான்" என்றார் மெக்கானிக். "நீங்க எழுதினதுன்னு நெனச்சு அவரும் படிச்சிருக்க மாட்டாரு."

சின்னத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தது.

நான் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காத்து இன்னும் பதமா வரல. கொஞ்ச நேரம் பாப்போம்" என்றேன்.

மேற்குக் கோடியிலும் ஒரு நாற்காலி முளைத்தது. பெரிய தம்பி அதில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

இப்படியே ஒரு மணி நேரம் போனது. எங்கள் தலைக்கு மேலே மேகங்கள் வரிசையாகப் பூத்து நின்றன. ஒரு பருந்து இறக்கையை அசைக்காமலேயே உயரே போனது. இழுவை விமானம் ஓட்டும் பெண் தன் விமானத்துக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

கடுகு என்னையும் பார்த்தாள், மேற்கையும் பார்த்தாள். பிறகு தேநீர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மேற்கு நோக்கி ஓடினாள். அங்கே நடந்ததைப் பிறகு அவள் எனக்குச் சொன்னாள்.

"என்ன கடுகு, உங்க அத்தை ஏன் இன்னும் இறக்கை மாட்டல?" என்று கேட்டானாம் பெரிய தம்பி.

"காத்துக்காகக் காத்திருக்காங்களாம், பெரியப்பா. நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

அப்போது வீசிய காற்றில் அவன் தொப்பி பறந்து போனது. நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது.

"பெரியப்பா, உங்க டிரெய்லர்ல ரெண்டும் வலதா?"

அவன் தேநீரை மட்டும் வாங்கிக் குடித்தான்.

"போய்க் கேட்டு வாங்கிக்கலாமே?"

"நான் ஏன் கேக்கணும்? வேணும்னா உங்க அத்தை வந்து கேக்கட்டும். ஆறு வருஷமா வாயே திறக்காதவங்க, ஒரு இறக்கைக்காகத் திறப்பாங்களா?"

கடுகு திரும்பி வந்தாள். இந்த முறை ஓடவில்லை. நானூறு மீட்டரையும் நடந்தே வந்தாள். வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, பெரியப்பாகிட்ட போய்க் கேட்டா என்ன?"

"நம்ம குடும்பத்துல யாரும் முதல்ல போய்க் கேட்டதில்ல."

"பெரியப்பாவும் நம்ம குடும்பம்தானே?"

"ஆமா."

"அப்போ அவங்களும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டான்" என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி.

கடுகு அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அடம் பிடித்திருந்தால் கண்டித்திருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. முகட்டுக்கு மேலே இருந்த மேகங்களை விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்கு வரை எண்ணினாள். பிறகு எழுந்து டிரெய்லர் பக்கம் போனாள்.

"அத்தை, இந்த எட்டாம் எண் இறக்கை யாரோடது?"

"உனக்கே தெரியுமே."

"பெரியப்பாவோடது. நம்மளுது இல்ல."

"இல்ல."

"போன வருஷம் என் பையில தெரியாம ஒரு பென்சில் சீவி வந்துடுச்சே, ஞாபகம் இருக்கா? என் கூடப் படிக்கிறவளோடது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்துக்கறேன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சொன்னது நினைவிருந்தது.

"'அடுத்தவங்க பொருள் நம்ம வீட்டுல ஒரு பொழுதுகூடத் தங்கக் கூடாது. இப்பவே போய்க் குடுத்துட்டு வா'ன்னு சொன்னீங்க. மூணு தெரு நடந்தேன், அத்தை. தூறல் வேற."

"அது..."

"அது இத்தனூண்டு பென்சில் சீவி. இது எட்டு மீட்டர். வியாழக்கிழமையில இருந்து நம்மகிட்டயே இருக்கு."

மெக்கானிக் இருமினார். சின்னத் தம்பி வானத்தைப் பார்த்தான்.

"நாம எதையும் கேக்கப் போகல, அத்தை" என்றாள் கடுகு. "அவங்க பொருளை அவங்ககிட்ட குடுக்கப் போறோம். கேக்கறது வேற, குடுக்கறது வேறதானே?"

வேறுதான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கேட்கப் போகிறவர் தலை குனிந்து போக வேண்டும். கொடுக்கப் போகிறவர் நிமிர்ந்து போகலாம்.

நான் எழுந்தேன். "தம்பி, நுனியைப் பிடி. மெக்கானிக், நீங்க நடுவுல. நான் அடிப்பக்கம் வரேன்" என்றேன்.

ஓர் இறக்கையைத் தூக்க மூன்று பெரியவர்கள் வேண்டும். தரை முழுவதும் கூரிய கல். எங்கேயும் கீழே வைக்க முடியாது, வைத்தால் துணி கிழிந்துவிடும். நாங்கள் தூக்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடுகு மேற்கே ஓடினாள். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"பெரியப்பா! அத்தை உங்க இறக்கையை உங்களுக்குக் குடுக்கக் கொண்டு வராங்க!"

பெரிய தம்பி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தானாம்.

"என்னது? அக்கா சுமந்துட்டு வருவாங்க, நான் உட்கார்ந்து வாங்கிக்கணுமா? என்னை என்னன்னு நெனச்சாங்க? காவலரய்யா, ஒரு கை குடுங்க! ஏம்மா, கொட்டாவி விட்டது போதும், நீயும் வா! அவங்க வலது இறக்கையைத் தூக்குங்க!"

இப்படித்தான், கிழக்கிலிருந்து ஓர் இறக்கையும் மேற்கிலிருந்து ஓர் இறக்கையும் ஓடுதளத்தில் நடந்து வந்தன. ஒவ்வோர் இறக்கைக்கும் ஆறு கால். நடுவில் சந்தித்தோம். நின்றோம்.

ஆறு பேருக்கும் கை ஒழிவில்லை. யாரும் கீழே வைக்க முடியாது. யாரும் பேசவுமில்லை. மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. சின்னத் தம்பி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். பழக்கதோஷம், யாராவது தன்னிடம் செய்தி சொல்லுவார்கள் என்று காத்திருந்தான்.

நான் நிலையாக நிற்பதற்காக ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்கப் போனேன்.

"அக்கா, பின்னால குழி!"

கத்தியது பெரிய தம்பி. நான் காலை அப்படியே நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். பெருச்சாளி தோண்டிய குழி, முழங்கால் வரை போகும்.

"பாத்துட்டேன்" என்றேன்.

பார்க்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு, எச்சரித்தவருக்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது மரியாதையல்ல என்பதால், "நீ நுனியை இன்னும் ஒசத்திப் பிடி. தரையில தட்டப் போகுது" என்றேன்.

"சரிக்கா."

ஆறு வருடங்களுக்குப் பிறகு நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

"இப்போ எப்படி மாத்திக்கறது?" என்று கேட்டாள் இழுவை விமானப் பெண். "ஒருத்தர் வச்சாத்தானே இன்னொருத்தர் எடுக்க முடியும்?"

கடுகு நடுவில் வந்து நின்றாள்.

"மாத்திக்கவே வேணாம். நிக்காம அப்படியே நடங்க. அத்தை பெரியப்பா டிரெய்லருக்குப் போங்க. பெரியப்பா அத்தை டிரெய்லருக்குப் போங்க. அவங்கவங்க பொருளை அவங்கவங்க வாசல்லயே வச்சிடலாம்."

நடந்தோம். இறக்கைகள் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் கடந்தன.

மேற்குக் கோடிக்கு வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெரிய தம்பியின் கிளைடர் உடல் அங்கே தயாராக நின்றது. அவனுடைய வலது இறக்கை அங்கே இருந்தது. இடது எங்கள் கையில். அதை டிரெய்லரில் வைத்துவிட்டு வந்து, பிறகு அவன் எடுத்து மாட்டுவது வீண் வேலை.

"ரெண்டையும் மாட்டிடுவோம்" என்றேன்.

அங்கே கிழக்கில் அவனும் அதையேதான் சொன்னானாம்.

இறக்கையை உடலோடு சேர்ப்பவை மூன்று இரும்புப் பின்கள். அவை சரியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு பின்னும் கழன்று வராமலிருக்க ஒரு சின்னக் கம்பி பூட்ட வேண்டும். என் வாழ்நாளில் என்னுடைய கிளைடருக்கு எத்தனையோ முறை பூட்டியிருக்கிறேன். அன்று என் தம்பியின் கிளைடருக்குப் பூட்டும்போது ஒவ்வொரு கம்பியையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். மெக்கானிக் சரி என்று சொன்ன பிறகும் நான்காவது முறை இழுத்தேன்.

பிறகு கிழக்கே போய், அவன் பூட்டியதை நான் சோதித்தேன். யார் பூட்டினாலும் ஓட்டுகிறவர்தான் சோதிக்க வேண்டும், அது கிளப் விதி. கம்பிகள் பல் வரிசைபோல அழகாக மடங்கியிருந்தன.

"சரியா இருக்காக்கா?"

"இருக்கு."

அதற்கு மேல் நான் யாரையும் பாராட்டியதில்லை. அது அவனுக்குத் தெரியும். காது வரைக்கும் சிரித்தான்.

"கடுகு, நீ என்கூட வரியா? எட்டாம் எண்தான் நல்லா ஏறும்" என்றான்.

எனக்கு முதுகு விறைத்தது. மூன்று வருடங்களாக அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். எல்லோரும் கடுகைப் பார்த்தார்கள்.

கடுகு என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "ஈயத் தட்டு எந்த டிரெய்லர்ல இருக்கு?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"டீச்சர் டிரெய்லர்ல. ஒரே ஒரு செட்டுதான்."

"அப்போ நான் ஏழுலதான் போக முடியும். பெரியப்பா, நீங்க பக்கத்துலயே பறந்து வாங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி" என்றாள்.

அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை.

இழுவை விமானம் முதலில் அவனை மேலே கொண்டு போய் விட்டது. பிறகு எங்களை. கயிற்றை விடுவித்ததும் இரைச்சல் நின்றது. காற்று உரசும் ஓசை மட்டும் மிச்சமிருந்தது. கடுகு முன் இருக்கையில், நான் பின்னால். அவளுடைய இரண்டு காதும் பின்னங்கழுத்தும்தான் எனக்குத் தெரிந்தன.

கண்ணாடி மூடியின்மேல் ஒரு விரல் நீளக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். கிளைடர் நேராகப் பறந்தால் நூல் நேராக நிற்கும். கடுகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இவ்ளோ பெரிய விமானத்துக்கு இவ்ளோ சின்ன நூலா வழி சொல்லுது?"

"சின்னதா இருந்தா வழி சொல்லக் கூடாதா?" என்றேன்.

முகட்டை ஒட்டிப் போனோம். பாறைகள் பக்கத்தில் வந்தன. ஒரு தனி மரம், அதன் கீழே நான்கு ஆடுகள். ஆடுகள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. எங்கள் நிழல் மலைச்சரிவில் எங்களுக்கு முன்னால் ஓடியது, மேடு வந்தால் ஏறியது, பள்ளம் வந்தால் குதித்தது. ஏறுகாற்றில் போகும்போது, உயரம் ஏறுவதைக் காட்டும் கருவி "பீப், பீப்" என்று சத்தமிடும். அது பாடிக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது.

கணவாய் எங்கள் எதிரே இருந்தது. அதைத் தாண்ட இன்னும் இருநூறு மீட்டர் உயரம் வேண்டும். ஆனால் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். இடது பக்கம் தேடினேன். இல்லை. வலது பக்கம் தேடினேன். அங்கேயும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் இப்படியே போனால் திரும்பிப் போய் ஓடுதளத்தில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ரேடியோ கரகரத்தது.

"அக்கா, கருப்புப் பாறைக்கு மேல வா. இங்க நல்லா தூக்குது."

வெகு மேலே எட்டாம் எண் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொருவர் கண்டுபிடித்த காற்றில் நான் ஏறியதில்லை. கிளப்பில் எல்லோருக்கும் அது தெரியும்.

கடுகு திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் குச்சிபோல நின்றது. மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன்.

நான் ரேடியோ பொத்தானை அழுத்தினேன்.

"வரேன். நீ எந்தப் பக்கமா சுத்துற?"

"இடது."

"சரி. நானும் இடதே சுத்தறேன்."

கருப்புப் பாறைக்கு மேலே போனதும் கீழேயிருந்து யாரோ உள்ளங்கையில் ஏந்தித் தூக்கியதுபோல இருந்தது. கருவி "பீப் பீப் பீப்" என்று கத்தியது. கடுகும் அதோடு சேர்ந்து கத்தினாள். அவன் ஒரு வட்டம், எதிரே நாங்கள் ஒரு வட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அவன் கையசைத்தான். கடுகு இரண்டு கையையும் அசைத்தாள். மூன்றாவது சுற்றில் நானும் அசைத்தேன். ஒரு கைதான்.

"அக்கா, போதுமா உயரம்?"

"இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் போவோம். புள்ளை இருக்கா."

தரையில் இருந்த ரேடியோவிலிருந்து சின்னத் தம்பியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் நேரடியாவே பேசிக்கறீங்களா? அப்போ என் வேலை போச்சா?"

"நீ உன் வேலையப் பாரு" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

கணவாயைத் தாண்டினோம்.

அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு திடீரென்று விரிந்தது. யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. கீழே நீளமாக ஓர் ஏரி, மேகங்களின் நிழல் அதன்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஆறு ஒன்று வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. அதற்கும் அப்பால் மலை, அதற்கும் அப்பால் நீலமாக இன்னொரு மலை, அதற்கும் பின்னால் மலையா மேகமா என்று தெரியாத ஒன்று.

கடுகு மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, மழை வந்ததே நல்லதாப் போச்சு."

"ஏன்?"

"போன வருஷம் வந்திருந்தா பெரியப்பா பக்கத்துல இருந்திருக்க மாட்டாங்க."

"ஓட்டும் குச்சியைப் பிடி. அந்த நூல் நேரா இருக்கணும். ஏரிக்கரை வரைக்கும் நீதான் ஓட்டற" என்றேன்.

ஏரிக்கரை வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். நூல் இரண்டு முறைதான் சாய்ந்தது.

இந்த விஷயத்தைப் பற்றி இப்போது கிளப்பில் ஒரு பேச்சு அடிபடுகிறது. எங்கள் இருவரையும் பேச வைப்பதற்காகக் கடுகுதான் வேண்டுமென்றே இறக்கைகளை மாற்றி வைத்தாள், அத்தனையும் அவள் போட்ட திட்டம் என்று சிலர் கண்ணடித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பொய். அவள் அந்த வாரம் கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஓர் இறக்கையைத் தூக்க மூன்று பெரியவர்கள் வேண்டும், அவளோ முப்பத்தெட்டு கிலோ. கரும்பலகையில் இருந்ததைப் படிக்காமல் ஏற்றியது நானும் என் பெரிய தம்பியும்தான். அந்தத் தவறு முழுக்க முழுக்க எங்களுடையது. அதை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.